"எனக்குக் கை வராது" என்று சொல்லும் முன்: வீடியோ கேமுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வேலூர், காட்பாடிப் பக்கம் கேமிங் கஃபேயில் புதிதாக வந்து உட்காருபவர்கள் கொஞ்ச நேரத்தில் கன்ட்ரோலரைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டிவிட்டு ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: "நீயே ஆடுடா, எனக்குக் கை வராது." சொல்பவர் விஐடியில் முதலாமாண்டு சேர்ந்த பிள்ளையாக இருக்கலாம். முதல் சம்பளத்தில் பிளேஸ்டேஷன் வாங்கியவராக இருக்கலாம். மகனோடு சேர்ந்து ஆடலாமே என்று வந்த அம்மாவாகவும் இருக்கலாம். இந்தக் கட்டுரை அவர்களுக்காக எழுதியது.

பிறவித் திறமை என்று ஒன்று உண்டு. அதைப் பற்றியும் கீழே பேசுகிறேன். ஆனால் புதிதாக ஆடுபவரைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் வேறு ஒன்று: திரையில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் இருப்பது. அதைக் கற்றுக்கொள்ளலாம், அதற்கு ஒரு வரிசையும் இருக்கிறது.

பக்கத்து சீட்டுக்காரரின் பழைய கணக்கு

தொடங்குவதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். உங்கள் கண்ணுக்குப் பிறவி ஆட்டக்காரராகத் தெரிகிறாரே அந்த நண்பர், அவர் எதையெல்லாம் ஆடி வளர்ந்தார் என்று கேளுங்கள். சின்ன வயதில் டிவியில் மாட்டும் கேசட் கேமில் கான்ட்ராவும் மரியோவும் ஆடியிருப்பார். அப்புறம் பிரவுசிங் சென்டர். அப்புறம் கைப்பேசியில் பப்ஜி. 2020 செப்டம்பரில் அது தடையானதும் வேறொன்று, 2021-இல் பப்ஜியின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ வந்ததும் அது. "இந்த கேமை இன்னிக்குத்தான்டா தொடுறேன்" என்று அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் எதிரி கையை ஓங்கினால் அடுத்து என்ன வரும், சிவப்பு பீப்பாய் எதற்கு நிற்கிறது, மூலையில் தனியாக ஒரு வழி போனால் அங்கே என்ன இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு முன்பே தெரியும். இன்றைக்குக் கற்றது கொஞ்சம்தான். மீதி அவர் கூடவே வந்தது.

செஸ்ஸில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1973-இல் சேஸ், சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் உண்மையான ஆட்டத்தில் வந்த ஒரு நிலையை 5 விநாடி காட்டி மறைத்துவிட்டு, காய்களைத் திரும்ப அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் பெரும்பாலானவற்றைச் சரியாக வைத்தார், புதியவர் சில காய்களோடு நின்றுபோனார். பிறகு காய்களை இஷ்டத்துக்கு இறைத்துவைத்துக் காட்டினார்கள். மாஸ்டருக்கு இருந்த அனுகூலம் ஏறக்குறைய காணாமல் போனது. அவருடைய ஞாபகசக்தி மற்றவர்களைவிடப் பெரிதாக இருக்கவில்லை. ஆயிரக்கணக்கான ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்து, தனித்தனிக் காய்களாக இல்லாமல் கூட்டம் கூட்டமாக அவர் கண்ணில் பட்டன. வீடியோ கேமிலும் நல்ல ஆட்டக்காரரின் கண் இப்படித்தான் வேலை செய்கிறது.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியவை.

டிவியைச் சரிபாருங்கள்

விளக்கு எரிந்ததும் பட்டனை அழுத்துங்கள் என்றால் சாதாரண மனிதருக்கு 200 முதல் 250 மில்லி விநாடி ஆகும். இயல்பிலேயே வேகமானவருக்கும் நமக்கும் இதில் உள்ள இடைவெளி சில பத்து மில்லி விநாடிகள்தான். இப்போது ஹாலில் இருக்கும் பெரிய டிவியைப் பாருங்கள். படத்தை அழகாக்கும் வேலைகளை எல்லாம் முடித்துவிட்டுக் காட்டுவதால், 100 மில்லி விநாடிக்கும் மேல் தாமதமாகப் படம் தரும் டிவிகள் உண்டு. அதாவது பிறவித் திறமை கொடுக்கும் இடைவெளியைவிட டிவி செட்டிங் கொடுக்கும் இடைவெளி பெரிது. டிவியின் படத்துக்கான மெனுவில் கேம் மோட் இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். ப்ளூடூத் இயர்போனும் சத்தத்தைத் தாமதமாகக் கொண்டுவரும். வயர் இயர்போன் மாட்டுங்கள்.

ஆன்லைன் கேம் என்றால் பிங் (நீங்கள் செய்தது சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம், மில்லி விநாடியில்) எவ்வளவு என்று திரையின் ஓரத்தில் பாருங்கள். 50-க்குள் இருந்தால் கவலை இல்லை. 100-ஐத் தாண்டி ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை வைத்து உங்களைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஹாஸ்டல் வைஃபையில் ராத்திரி எல்லாரும் படம் பார்க்கும் நேரத்தில் ஆடிவிட்டு "எனக்கு எய்ம் இல்லை", அதாவது குறி வராது என்று வருந்துகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது கஷ்டமாக இருக்கிறது.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் மதியத்தில் கன்ட்ரோலர் கையில் வழுக்கும், தலை வேலை செய்யாது. கஷ்டமான இடத்தைக் காலையிலோ, சாயங்காலம் குளித்துவிட்டு வந்தோ ஆடுங்கள். பக்கத்தில் ஒரு துண்டு இருக்கட்டும். கரண்ட் போனால் ஆட்டம் எந்த இடத்திலிருந்து தொடரும் என்பதையும் முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கே ஆடுகிறீர்களோ அதற்கேற்ற கேம்

மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடும் இடத்தில் நாற்பது, ஐம்பது மணி நேரக் கதை கேமைத் தொடங்காதீர்கள். அடுத்த முறை போகும்போது உங்கள் சேவ் (நிறுத்திய இடத்தின் பதிவு) அங்கே இருக்கும் என்று நம்ப முடியாது, இருந்தாலும் அந்த சிஸ்டத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அங்கே கால்பந்து, சண்டை கேம், ரேஸ் மாதிரி ஐந்து பத்து நிமிஷத்தில் முடிபவை நல்லது. ஒரு மணி நேரத்துக்குள் பல முறை தோற்று, பல முறை திருத்திக்கொள்ளலாம். கதை கேம்களை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விரலுக்கு முதல் வாரம்

பழைய ஆட்டக்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இந்தப் பகுதியே இருக்காது. அவர்கள் இதைக் கடந்து பல வருஷமாகிவிட்டது, இது ஒரு தடை என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருக்கும். இரண்டு ஸ்டிக் உள்ள கன்ட்ரோலரில் இடது கட்டைவிரல் ஆளை நகர்த்தும், வலது கட்டைவிரல் கேமராவைத் திருப்பும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதுதான் புதியவருக்கு உண்மையான மலை. ஒரு கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரியை பாஸ் என்பார்கள்; எந்த பாஸும் இதற்கு ஈடாகாது.

குடியாத்தத்தில் இருக்கும் என் சித்தி தன் மகனோடு சேர்ந்து ஆட ஆசைப்பட்டு உட்கார்ந்தார். "டேய், இது ஏன்டா வானத்தையே பாக்குது?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பையன் சிரித்துவிட்டான். சித்தி முகம் வாடிவிட்டது. அவருக்குச் சொன்ன பயிற்சியையே உங்களுக்கும் சொல்கிறேன்.

எதிரிகள் இல்லாத ஓர் இடத்துக்குப் போங்கள். பெரும்பாலான கேம்களில் தொடக்கத்திலேயே ஒரு கிராமமோ வீடோ இருக்கும். ஒரு மரத்தையோ தூணையோ தேர்ந்தெடுத்து, அது திரையின் நடுவை விட்டு விலகாதபடி அதைச் சுற்றி நடங்கள். முதலில் இடப்பக்கமாக, பிறகு வலப்பக்கமாக. மரம் நடுவிலேயே நிற்கும் அளவுக்கு வந்ததும் ஓடிச் சுற்றுங்கள். அப்புறம் சுற்றிக்கொண்டே குதியுங்கள். வலது ஸ்டிக்கை மேலே தள்ளினால் கேமரா கீழே போவதுதான் உங்களுக்கு இயல்பாகப் படுகிறது என்றால் செட்டிங்கில் இன்வர்ட் போட்டுக்கொள்ளுங்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். பட்டனைக் கையைப் பார்க்காமல் அழுத்த வரும்வரை சண்டைப் பக்கமே போக வேண்டாம். சித்திக்கு இது வந்த பிறகு மற்றதெல்லாம் வேகமாக வந்துவிட்டது. இப்போது வழி தப்பிப் போகும் மகனை அவர்தான் கூப்பிட்டுக்கொண்டு வருகிறார்.

கைப்பேசியில் ஆடுபவர்களுக்கும், மவுஸில் சுடுபவர்களுக்கும் ஒரே ஒரு வார்த்தை: சென்சிட்டிவிட்டியை (விரலோ மவுஸோ அசைந்தால் பார்வை எவ்வளவு திரும்பும் என்ற அளவை) ஒரு முறை நிதானமாக அமைத்துவிட்டு இரண்டு வாரம் தொடாதீர்கள். தினமும் யூடியூபில் பார்த்து ஒருவருடைய எண்ணை மாற்றி மாற்றிப் போட்டால் விரல் எதையும் கற்காது.

எந்த டிஃபிகல்டியில் தொடங்குவது?

தோற்றவுடன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இப்போது ஏன் தோற்றேன்? "வலது பக்கம் நின்றவனைக் கவனிக்கவில்லை", "இன்னும் ஓர் அடி அடிக்க ஆசைப்பட்டு நின்றுவிட்டேன்" என்று பதில் வந்தால் அந்த டிஃபிகல்டி, அதாவது கேமின் கடின அளவு, உங்களுக்குச் சரியானது, எத்தனை முறை தோற்றாலும் சரிதான். "என்ன நடந்ததென்றே தெரியவில்லை" என்பதே திரும்பத் திரும்பப் பதிலாக வந்தால் ஒரு படி இறக்குங்கள். தோற்கவே இல்லை என்றால் ஏற்றுங்கள். இந்த ஒரு சோதனையைப் பிடித்துக்கொண்டால் நார்மலா ஈஸியா என்ற வாக்குவாதத்துக்கே இடமில்லை.

ஈஸி மோடைப் பற்றி வெட்கப்படாதீர்கள். கேமைச் செய்தவர்களே யோசித்து வைத்த வழி அது. 2018-இல் வந்த செலஸ்ட் கடினமானது என்று பேரெடுத்த கேம். அதன் அசிஸ்ட் மோடில் ஆட்டத்தின் வேகத்தைப் பத்துப் பத்துச் சதவீதமாகக் குறைத்துப் பாதிவரை கொண்டுவரலாம். மெதுவாக ஆடி வழியைக் கண்ணுக்குப் பழக்கிவிட்டுப் பிறகு வேகத்தைக் கூட்டினால், அது முறையான பயிற்சி. 2020-இல் முழுமையாக வெளிவந்த ஹேடிஸில் காட் மோட் போட்டால் உங்கள் மேல் விழும் அடி முதலில் 20 சதவீதம் குறையும். ஒவ்வொரு முறை சாகும்போதும் இன்னும் 2 சதவீதம், அதிகபட்சம் 80 சதவீதம்வரை. யாருக்கு எவ்வளவு உதவி தேவையோ அவ்வளவு தானாகவே கிடைக்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் மாடர்ன் கன்ட்ரோல் எடுத்தால் ஸ்டிக்கைச் சுழற்றிப் போட வேண்டிய அடிகள் ஒரே பட்டனில் வரும். அப்படிப் போடும்போது அடியின் பலம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். எதிரியைப் படிக்கும் வேலை இரண்டிலும் ஒன்றே.

டிஃபிகல்டி மெனுவே இல்லாத கேம்களும் உண்டு. எல்டன் ரிங்கில் வெளியே கால் வைத்ததும் தங்கக் கவசம் போட்ட குதிரைவீரன் ஒருவன் உலாத்திக்கொண்டிருப்பான். புதியவர்கள் பலர் அவனிடமே மோதி மோதிச் செத்துவிட்டு "இது நமக்கு ஆகாது" என்று மூடிவைத்துவிடுகிறார்கள். அவனைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். வேறு இடங்களில் ஆடி, லெவல் ஏற்றி, குதிரையும் கிடைத்த பிறகு திரும்பி வரலாம். அந்த மாதிரி கேமில் எங்கே போகிறோம் என்பதுதான் டிஃபிகல்டி மெனு.

பயிற்சி என்றால் என்ன செய்வது

ஒரு நாள் ராத்திரி முழுக்க ஒரே பாஸோடு மோதுவது பயிற்சி ஆகாது. ஸ்டாஃபோர்ட், டுவார் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் எளிய ஆன்லைன் கேமை ஆடிய 8,50,000-க்கும் மேற்பட்டவர்களின் ஆட்டங்களை அலசி 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆடிய எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தும், இடைவெளி விட்டு ஆடியவர்கள் மொத்தமாக ஆடித் தீர்த்தவர்களைவிட மேலே போயிருந்தார்கள். இன்னொன்றும் தெரியவந்தது: தொடக்கத்தில் ஸ்கோர் ஏறி இறங்கி, பலவிதமாக முயன்று பார்த்தவர்கள் பின்னால் நன்றாக வந்தார்கள். ஆகவே முதல் நாட்களில் ஸ்கோரைப் பற்றிக் கவலை வேண்டாம். எல்லா ஆயுதத்தையும் தொட்டுப் பாருங்கள், எல்லா வழியிலும் போய்ப் பாருங்கள். முக்கால் மணி நேரம் ஆடிவிட்டு எழுந்துவிடுங்கள். தூங்கி எழுந்து வந்து ஆடினால் நேற்று வராதது இன்று வருவதை நீங்களே பார்ப்பீர்கள்.

ஒரு பாஸ் என்றால் இப்படிச் செய்யுங்கள். முதல் சில முறை அடிக்கவே வேண்டாம். சாகத்தான் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு, அவன் என்னென்ன செய்கிறான் என்று மட்டும் பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஓர் அடையாளம் இருக்கும்: தோள் பின்னால் போகும், ஆயுதம் மின்னும், ஒரு சத்தம் வரும். கை ஓங்கியதுமே பயந்து, அடியிலிருந்து தப்ப உருள்வது புதியவரின் வழக்கம். டார்க் சோல்ஸ் வகை கேம்களில் அதை எதிர்பார்த்தே சில பாஸ்கள் ஓங்கிய கையைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து அடிப்பார்கள். வாய்விட்டு எண்ணுங்கள், "ஒண்ணு, ரெண்டு, உருளு" என்று. வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அடுத்தது, அவன் எந்த அடிக்குப் பிறகு மூச்சு வாங்குகிறான் என்று கண்டுபிடியுங்கள். அந்த இடைவெளிதான் அடிக்கும் நேரம், மருந்து குடிக்கும் நேரமும் அதுதான். அடி வாங்கிய பதற்றத்தில் உடனே மருந்து குடிக்கப் போய்ச் சாகும் புதியவர்களை எண்ணி மாளாது. மூன்று அடிக்கு நேரம் இருந்தால் இரண்டோடு நிறுத்துங்கள்.

துப்பாக்கி கேமில் புதியவர் குறியைத் தரையில் வைத்தபடி ஓடுவார், ஆளைப் பார்த்ததும் தூக்குவார். பழகியவர் எதிரியின் தலை வரும் உயரத்திலேயே, ஆள் வரக்கூடிய மூலையைப் பார்த்தே குறியை வைத்துக்கொண்டு நடப்பார். ஆள் வந்ததும் கையை அசைக்கும் வேலையே அவருக்குக் குறைவு. பார்க்கிறவர்கள் அதைத்தான் மின்னல் வேகம் என்கிறார்கள். கால்பந்து கேமில் வேகமாக ஓடவைக்கும் ஸ்பிரிண்ட் பட்டனிலிருந்து விரலை எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பந்து காலை விட்டு விலகாது, சுற்றிப் பார்க்கவும் நேரம் கிடைக்கும்.

தோற்ற ஆட்டத்தைப் பதிவு செய்து பாருங்கள். பிளேஸ்டேஷனிலும் கைப்பேசியிலும் அதற்கு வசதி இருக்கிறது. பாகாயத்திலிருந்து காட்பாடி வரும் பஸ் பயண நேரமே ஒரு தோல்வியைப் பார்க்கத் தாராளம். கடைசி அடியிலிருந்து பின்னோக்கிப் போங்கள். தவறு பெரும்பாலும் அதற்குச் சில விநாடிகளுக்கு முன்பே, நீங்கள் நின்ற இடத்திலேயே நடந்திருக்கும்.

நன்றாக ஆடுபவர் பக்கத்தில் இருந்தால் "எந்த பட்டன்ணா?" என்று கேட்காதீர்கள். "அண்ணா, இந்த இடத்துல நீங்க எதப் பாக்கறீங்க?" என்று கேளுங்கள். சட்டென்று அவருக்குச் சொல்ல வராது. ஆடிக்கொண்டே வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், அப்போது வரும். சொல்லிக்கொடுக்கும் அண்ணன், அக்காக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கஷ்டமான இடம் வந்ததும் கன்ட்ரோலரைப் பிடுங்கி நீங்கள் முடித்துக்கொடுக்காதீர்கள். அந்த இடத்தைத்தான் அவர்கள் கற்க வேண்டியிருக்கிறது.

பிறவித் திறமை எங்கே வருகிறது

செஸ் ஆட்டக்காரர்களிடம் கோபே, கம்பிதெல்லி இருவரும் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மாஸ்டர் நிலையை ஒருவர் சுமார் 3,000 மணி நேரப் பயிற்சியில் எட்டியிருந்தார், இன்னொருவருக்கு 23,000 மணி நேரத்துக்கும் மேல் ஆனது. மக்னமாரா குழுவினர் 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, செஸ் போன்ற ஆட்டங்களில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் முறையான பயிற்சியால் விளக்க முடிந்தது சுமார் 26 சதவீதம். மீதியில் பிறவியும் இருக்கும், தொடங்கிய வயதும் கிடைத்த வசதியும் அமைந்த ஆசிரியரும் இருக்கும். எல்லாரும் 10,000 மணி நேரம் ஆடினால் எல்லாரும் சாம்பியன் என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

வயதும் உண்டு. படை நடத்தும் கேமான ஸ்டார்கிராஃப்ட் 2 ஆடிய 16 முதல் 44 வயதுவரையான 3,305 பேரை வைத்து 2014-இல் வந்த ஆய்வில், திரையில் புதிதாக ஒன்று தெரிந்ததும் அதற்குப் பதில் கொடுக்கும் வேகம் 24 வயதுவாக்கில் குறையத் தொடங்குவதாகத் தெரிந்தது. அதே ஆய்வில், மூத்தவர்கள் எளிய கட்டளைகளைத் திறமையாகப் பயன்படுத்தி அந்தக் குறையை ஈடுகட்டுவதற்கான அடையாளமும் கிடைத்தது. முப்பது, நாற்பது வயதில் தொடங்குபவர்கள் இரண்டையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

அதே நேரத்தில், எல்லை என்று ஊர் சொல்வதைச் சுலபத்தில் நம்பாதீர்கள். 1989-இல் நின்டென்டோவுக்கு வந்த டெட்ரிஸில் 29-ஆவது லெவலில் கட்டைகள் விழும் வேகத்துக்கு மனிதக் கை ஈடுகொடுக்காது, ஆட்டம் அங்கேயே முடிந்தது என்று வெகுகாலம் எல்லாரும் நினைத்தார்கள். பட்டனை அழுத்திப் பிடிக்காமல் கட்டைவிரலை அதிரவைத்து அழுத்தும் முறை பரவியது, சிலர் 29-ஐத் தாண்டினார்கள். பிறகு கன்ட்ரோலரின் பின்பக்கத்தை மற்ற விரல்களால் வரிசையாகத் தட்டி, முன்னால் இருக்கும் கட்டைவிரலில் பட்டனை மோதவைக்கும் முறை வந்தது. 2023 டிசம்பரில் அமெரிக்காவைச் சேர்ந்த 13 வயது வில்லிஸ் கிப்சன் 157-ஆவது லெவல்வரை போய், மேற்கொண்டு ஓட முடியாமல் கேமே உறைந்து நின்றது. அந்தப் பையன் அபாரத் திறமைசாலி, சந்தேகமில்லை. ஆனால் அவனுக்கு முன்னால் ஆடிய எத்தனையோ திறமைசாலிகளை 29-இல் நிறுத்தியது கட்டைவிரலின் பிறவி வேகம் இல்லை, பட்டனை அழுத்திய முறை.

போட்டிகளில் பரிசு வாங்குவதும், ஆன்லைன் ரேங்க் பட்டியலின் உச்சிக்குப் போவதும் இயல்பான வேகமும் நிறைய நேரமும் சேர்ந்து கேட்கும் வேலை. ஒரு கதை கேமை முடிப்பது, நண்பர்களோடு சமமாக உட்கார்ந்து ஆடுவது, பிடித்த பாஸை ஹார்ட் மோடில் வீழ்த்துவது இதெல்லாம் அந்த வகை இல்லை.

முதல் கேமை முடித்த பிறகு

உடனே அடுத்த கேமுக்குத் தாவாதீர்கள். முடித்த கேமையே ஒரு படி கூடுதல் டிஃபிகல்டியில் புதிதாகத் தொடங்கி, முதல் பாஸ்வரை மட்டும் ஆடுங்கள். முதல் தடவை உங்களை உலுக்கியெடுத்த அதே இடங்களில் என்ன வரப்போகிறது என்று கண் முன்கூட்டியே போய் நிற்கும். எந்த இடத்தில் அப்படி நிற்கவில்லையோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து வாங்கும் கேம் வேறு வகையாக இருக்கட்டும்: வாள் சண்டை ஆடியிருந்தால் ரேஸோ புதிரோ. ஸ்டிக் பழக்கம் அப்படியே கூட வரும், பாஸைப் பற்றிய அறிவு வராது. அங்கே மறுபடியும் கொஞ்ச நாள் தடுமாறுவீர்கள். புது கேமின் டிஃபிகல்டியை நார்மலில் வைத்து, தோற்றதும் அதே கேள்வியைக் கேட்டு, தேவைப்பட்டால் இறக்கிக்கொள்ளுங்கள்.